பூச்சு வேலைக்கு முன் ஒரு கேள்வி: நெட்டுக்கு பைப் போட்டாச்சா?

புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். ஏ.சி. பாயின்ட் எந்தச் சுவரில், கீசர் எங்கே, இன்வெர்ட்டர் எங்கே, பூஜை அறை விளக்குக்குத் தனி ஸ்விட்ச் வேண்டுமா என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். டைல்ஸ் பார்க்க மட்டும் நாலைந்து கடை ஏறி இறங்கியிருப்பார்கள். இன்டர்நெட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் ஒரே பதில்தான்: "அது வைஃபைதானே, குடி போனதும் பார்த்துக்கலாம்."

அந்தப் 'பார்த்துக்கலாம்'தான் சிக்கல். நம் ஊர் வீடுகள் செங்கல், சாலிட் பிளாக், கான்கிரீட். பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகு உள்ளே ஒரு ஒயரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒன்று சுவரை உடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒயர் வெளியே தெரியும்படி ஓட வேண்டும். பார்த்துப் பார்த்துக் கட்டிய ஹாலில், ஜன்னல் ஓரமாக ஒரு துளை. அதன் வழியாக நுழையும் கறுப்பு ஒயர் கதவு நிலையைச் சுற்றிக் கிளிப் கிளிப்பாக அடிக்கப்பட்டு பெட்ரூமுக்குப் போகும். கிரகப்பிரவேச மாலை வாடுவதற்குள் இந்தக் காட்சி பல புது வீடுகளில் வந்துவிடுகிறது. இணைப்பு கொடுக்க வரும் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் ஒயர் கொண்டுபோக வீட்டில் வழியே வைக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டுக்குள் ஒரு மைய இடம். அங்கிருந்து முக்கியமான ஒவ்வொரு இடத்துக்கும் நெட்டுக்கென்றே தனி பைப். கேபிளைப் பிறகுகூட வாங்கிக்கொள்ளலாம். பைப் இப்போது போட்டால்தான் உண்டு.

வைஃபை இருக்கும்போது ஒயர் எதற்கு?

நியாயமான கேள்வி. போன், லேப்டாப், டிவி எல்லாமே வைஃபையில் ஓடும்போது சுவருக்குள் ஏன் ஒயரைப் புதைக்க வேண்டும்?

வைஃபை என்பது ரேடியோ அலை. ரவுட்டர்கள் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. முதலாவது கொஞ்சம் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் நெரிசலும் அதில்தான் அதிகம். இரண்டாவது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 9 இன்ச் செங்கல் சுவர் ஒன்று, அதற்கப்புறம் இன்னொன்று, அதன் மேல் ஓர் இரும்பு பீரோ என்று வந்துவிட்டால் கடைசி பெட்ரூமில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரளவுக்குத்தான். மாடிக்குப் போக வேண்டுமென்றால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்ட வேண்டும். புதிய தலைமுறை வைஃபையில் சேரும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைக்கும் சுவர் விஷயத்தில் இதே நிலைமைதான். இன்னும் கொஞ்சம் மோசம் என்றே சொல்லலாம்.

"மெஷ் வாங்கி வைத்துவிட்டால் தீர்ந்தது" என்பார்கள். மெஷ் நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் அந்த இரண்டு மூன்று பெட்டிகளும் தங்களுக்குள் எதன் வழியாகப் பேசிக்கொள்கின்றன? ஒயர் இல்லையென்றால், அதே சுவர்கள் வழியாக, அதே வைஃபையில்தான். உங்கள் லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவே போகும் தகவலும், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே போகும் தகவலும் ஒரே அலைவரிசையைப் பங்குபோடும்போது வேகம் பாதிவரை குறையலாம். அந்த மெஷ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு நெட்வொர்க் கேபிள் இருந்தால் கதையே வேறு. ஆக மெஷ் வாங்கினாலும் ஒயர் இருப்பவர்தான் கொடுத்த காசுக்கு முழுப் பலனும் பெறுகிறார்.

"5ஜி ஏர்ஃபைபர் வந்தாச்சே, அதுக்கு ஒயரே வேண்டாமே" என்பது அடுத்த வாதம். அந்த இணைப்பில் மொட்டை மாடியிலோ வெளிச்சுவரிலோ ஒரு பெட்டி பொருத்துவார்கள். அங்கிருந்து வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு வருவது ஒரு நெட்வொர்க் கேபிள். காற்றில் வரும் நெட்டுக்கும் கடைசியில் மொட்டை மாடியிலிருந்து ஒரு பைப் வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம். யூடியூபில் அமெரிக்க வீடுகளில் நெட்வொர்க் ஒயரிங் செய்யும் வீடியோக்கள் ஏராளம். குடியிருக்கும் வீட்டிலேயே சுவரில் சின்னச் சதுரமாக வெட்டி, பரணிலிருந்து ஒயரை இறக்கி, அரை நாளில் வேலையை முடித்துவிடுவார்கள். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்தவை. சுவருக்குள் வெற்றிடம் உண்டு. வைஃபை அலையும் அந்தச் சுவரை எளிதாகத் தாண்டும். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு 'அப்புறம் செய்துக்கலாம்' என்று நம் ஊர் செங்கல் சுவரை நம்பி இருக்கக் கூடாது. ரவுட்டர் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 'இத்தனை சதுர அடி வரை' கணக்கையும் அதே சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

வைஃபை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடம் நகராத சாதனங்கள் எல்லாம் ஒயருக்குப் போகட்டும்: டிவி, ஆபீஸ் மேசை, கேமரா, மாடியில் இருக்கும் வைஃபை பெட்டி. கையில் தூக்கிக்கொண்டு திரியும் போனுக்கும் டேபுக்கும் வைஃபை இருக்கட்டும். நெரிசல் குறைந்த வைஃபை நன்றாகவே வேலை செய்யும்.

கரண்ட் வேலை வேறு, நெட் வேலை வேறு

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. 'நெட்டுக்கும் ஒயர் இழுத்துடுங்க' என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அவர் அனுபவசாலியாகவே இருப்பார். ஆனால் கரண்ட் வேலையில் சரியான பழக்கங்கள் பல, நெட் வேலையில் தவறாக முடியும்.

முதலாவது, லூப். மின்சாரத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் எடுப்பது சாதாரணம். நெட்வொர்க் கேபிளை அப்படி எடுக்க முடியாது. ஒவ்வொரு பாயின்ட்டிலிருந்தும் மைய இடம் வரை ஒரே நீளமாக, நடுவில் ஒட்டில்லாமல் வர வேண்டும். சுவருக்குள் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தால் போதும், அந்தப் பாயின்ட் என்றைக்கும் தலைவலிதான்.

இரண்டாவது, ஒரே பைப். மூன்று ஒயர் போகும் பைப்பில் இன்னும் இடம் இருக்கிறதே என்று நெட் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுவது உண்டு. இதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். சிக்னல் கெடுவது சின்ன விஷயம். நெட்வொர்க் கேபிளின் மேலுறை 230 வோல்ட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. இழுக்கும்போது பக்கத்து மின்கம்பியின் உறை எங்காவது உரிந்து இரண்டும் தொட்டுக்கொண்டால், அந்த மின்சாரம் உங்கள் ரவுட்டர் வரை, லேப்டாப் வரை, அதைத் தொடும் கை வரை வரும். இரண்டுக்கும் தனித்தனி பைப், தனித்தனி பாக்ஸ். இணையாக ஓடும் இடங்களில் நடுவே ஓர் அடி இடைவெளி இருந்தால் நல்லது. குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாக வெட்டிப் போகட்டும்.

மூன்றாவது, இழுக்கும் வேகம். மின்கம்பியை இரண்டு பேர் சேர்ந்து பலமாக இழுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடி மெல்லிய செம்புக் கம்பிகள், ஒவ்வொரு ஜோடியும் ஒரு கணக்கில் முறுக்கப்பட்டு இருக்கின்றன. அந்த முறுக்குதான் வெளிச் சத்தத்தைத் தடுத்து வேகத்தைக் கொடுக்கிறது. சுமார் 11 கிலோ இழுவிசைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது தரநிலை. கேபிளின் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக மடிக்கவும் கூடாது. அதனால் பைப் வளையும் இடங்களில் குறுகலான எல்போ வேண்டாம், நீளமான பெண்டு வேண்டும். இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிட வேண்டும்.

நான்காவதுதான் கண்ணுக்கே தெரியாதது. கேபிளுக்குள் எட்டு கம்பிகள். அதில் ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டாலும் பல நேரங்களில் இணைப்பு அறுந்துபோகாது, நெட் வரும். ஆனால் ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100 எம்.பி. வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். அந்த இரண்டு ஜோடியில் இல்லாத கம்பி ஒன்று கெட்டால் சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 300 எம்.பி. பிளானுக்குப் பணம் கட்டிக்கொண்டு, ஒயரில் இணைத்த லேப்டாப்பில் ஸ்பீட் டெஸ்ட் எப்போது பார்த்தாலும் 95-ஐ ஒட்டியே நின்றால், நிறுவனத்துக்குப் போன் போடும் முன் சுவரில் இருக்கும் பாயின்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு பாயின்ட்டுக்குக் கொடுக்கும் 'சிக்கனமும்' இதே விளைவைத்தான் தரும்.

நிறங்களின் வரிசையும் முக்கியம். இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும் என்று இஷ்டத்துக்கு வரிசை போட்டால், டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் ஒரே ஜோடியில் இருக்க வேண்டிய கம்பிகள் வேறு வேறு ஜோடிக்குப் பிரிந்துபோயிருக்கும், வேகம் வராது. 568 பி என்ற வரிசையை எல்லாப் பாயின்ட்டுக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எத்தனை பைப், எங்கிருந்து எங்கே?

முதலில் மைய இடம். டிபி பாக்ஸுக்கு இடம் தேடுவதுபோல் இதற்கும் தேட வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, ஹாலை ஒட்டிய அலமாரியின் மேல்தட்டு, பேசேஜ் சுவர் என்று எதுவாகவும் இருக்கலாம். மொட்டை மாடித் தளத்துக்கு நேர்க்கீழே உள்ள பரண் மட்டும் வேண்டாம். மே மாதத்தில் அங்கே கை வைத்துப் பாருங்கள், காரணம் புரியும். இரும்புப் பெட்டிக்குள் ரவுட்டரை வைத்துப் பூட்டினால் வைஃபை அங்கேயே அடங்கிவிடும். ஃபைபர் பெட்டி, ஸ்விட்ச், கேமரா ரெக்கார்டர் உள்ளே இருக்கட்டும், வைஃபை பெட்டி வெளியே வரட்டும். காற்றோட்டம் வேண்டும். நான்கு பிளக் பாயின்ட்டாவது வேண்டும், அவை இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஃபேன் சுற்றுகிறது, நெட் போய்விடுகிறது என்று புலம்புகிற வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டர் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது.

அங்கிருந்து வெளியே போகும் முதல் பைப், தெரு மின்கம்பம் இருக்கும் பக்கத்துச் சுவருக்கு. இதுதான் ஃபைபர் வரும் வழி. 25 மி.மீ. பைப் போடுங்கள், முனையில் கனெக்டர் பொருத்தியே வரும் ஃபைபரும் நுழைய வேண்டும். ஃபைபருக்கு மின்சாரம் கிடையாது, உள்ளே போவது ஒளி. சுருக்கி மடித்தால் ஒளி கசியும், அதனால் இங்கும் நீளமான பெண்டு.

இரண்டாவது, மொட்டை மாடிக்கு. என் கணக்கில் வீட்டிலேயே முக்கியமான பைப் இதுதான். டிஷ் ஆன்டெனா, 5ஜி பெட்டி, மாடிக் கேமரா, தண்ணீர்த் தொட்டி சென்சார் எல்லாம் மேலே இருக்கும். 2024-இல் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்த பிறகு கூரை சோலார் போடுகிறவர்கள் அதிகம். அந்த சோலார் இன்வெர்ட்டர் எவ்வளவு மின்சாரம் தயாரித்தது என்பதை நெட் வழியாகத்தான் உங்கள் போனுக்குச் சொல்கிறது. அதனால் 40 மி.மீ. பைப் ஒன்று மாடி வரை நேராகப் போகட்டும். மேல்முனையைக் கைத்தடிபோல் வளைத்து வாய் கீழே பார்க்கும்படி விட வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழை முழுக்க அதன் வழியாக ரவுட்டருக்கு வந்துசேரும். மாடியிலிருந்து வரும் செம்புக் கேபிள் இடியின் மின்னழுத்தத்தையும் உள்ளே கொண்டுவரக் கூடியது. எர்த் கொடுத்த சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை நடுவில் வைப்பது நல்லது. வெயிலில் கிடக்கும் பகுதிக்கு, வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிள்தான் தாங்கும்.

மற்றவை வீட்டுக்கு வீடு மாறும். இரண்டு பெட்ரூம், 1,200 சதுர அடி, ஒரு தளம் என்று வைத்துக்கொள்வோம். டிவிக்குப் பின்னால் இரண்டு, பெட்ரூமில் மேசை வரும் சுவரில் ஒவ்வொன்று, பேசேஜ் கூரையில் வைஃபை பெட்டிக்கு ஒன்று, முன்பக்கமும் பின்பக்கமும் கேமராவுக்கு ஒவ்வொன்று, வாசல் காலிங்பெல்லுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. ஒன்பது. ஒரு பாயின்ட்டுக்குச் சராசரியாக 15 மீட்டர் என்றால் 135 மீட்டர். கேபிள் பெட்டி 305 மீட்டராக வரும், பாதிக்கு மேல் மிஞ்சும். வீடு முழுக்க இழுத்தும் ஒரு பெட்டி தீரவில்லை என்பதைக் கவனியுங்கள். 'நெட் ஒயரிங் பெரிய செலவு' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

20 மி.மீ. பைப்பில் இரண்டு கேபிள், 25 மி.மீ. பைப்பில் நான்கு. அதற்கு மேல் திணித்தால் நாளைக்கு ஒன்றை மாற்ற நினைக்கும்போது எதுவும் நகராது.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. 'சிசிடிவிக்கு 3+1 கேபிள் போட்டாச்சு' என்பார்கள். அது பழைய முறைக் கேமராவுக்கானது. நெட்வொர்க் கேமராவுக்கு சாதாரண கேட் 6 கேபிள் ஒன்றே போதும்; படமும் அதில் வரும், கேமராவுக்கான மின்சாரமும் அதிலேயே போகும். பி.ஓ.இ. என்று கடையில் கேளுங்கள். அடிப்படை வகையில் 15.4 வாட் வரை, அடுத்த வகையில் 30 வாட் வரை ஸ்விட்ச் கொடுக்கும். கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட், அடாப்டர், அதற்கு ஒரு மழை மூடி என்ற கூத்தெல்லாம் மிச்சம். கரண்ட் போனாலும் மைய இடத்தில் இன்வெர்ட்டர் இருப்பதால் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். கூரையில் வைக்கும் வைஃபை பெட்டியும் இப்படியே ஓடும்.

எப்போது செய்ய வேண்டும்?

இரண்டு வாய்ப்புதான் கிடைக்கும். ஒன்று, ரூஃப் கான்கிரீட்டுக்கு முன். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்து, எலக்ட்ரீஷியன் ஃபேன் பாக்ஸ் வைக்கும் அதே நாளில் நெட் பைப்பும் கம்பிகளுக்கு நடுவே உட்கார வேண்டும். அறைக்கு அறை போக அதுதான் குறுகிய வழி. பீமைத் தாண்டி இறங்கும் இடங்களில் பைப்பை அப்போதே விட்டுவிட வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு பீமில் டிரில் போடுவது கம்பியை வெட்டும் வேலை. இன்ஜினியரைக் கேட்காமல் அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள்.

இரண்டாவது, பூச்சுக்கு முன். காடி வெட்டி பைப்பும் பாக்ஸும் பதிக்கும் நேரம். நாலரை இன்ச் சுவரில் நீளவாக்கில் படுக்கையாகக் காடி வெட்டினால் சுவர் பலமிழக்கும். மேலிருந்து கீழே இறக்குவதே சரி. பைப்பின் வாயில் சிமென்ட் மூட்டைக் காகிதத்தைத் திணித்து அடைக்கச் சொல்லுங்கள். கலவை உள்ளே இறங்கி உறைந்தால் அந்த பைப் இருந்தும் இல்லாததுதான். உள்ளே ஒரு நைலான் கயிறும் போட்டு வைத்துவிட்டால் கேபிள் இழுக்கும் நாளில் வேலை எளிது.

கேபிளை அப்போதே இழுக்க வேண்டியதில்லை. பூச்சின் ஈரம் காய்ந்து, பட்டி வேலை முடிந்த பிறகு இழுத்தால் போதும். முன்னதாக இழுத்துச் சுவரில் தொங்கவிட்ட கேபிள்களை யாராவது கொடிபோலப் பயன்படுத்தியிருப்பார்கள், அல்லது கரணை பட்டு வெட்டுப்பட்டிருக்கும்.

பூசுவதற்கு முதல் நாள் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்து போட்டோ எடுத்து வையுங்கள், தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று தெரியும்படி. இந்த ஆலோசனை நெட்டுக்கு மட்டுமல்ல. மூன்று வருடம் கழித்து அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது தண்ணீர் பைப்புக்கும் உதவும்.

கடையில் ஏமாறும் இடம்

வீட்டுக்கு கேட் 6 போதும். 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம், 55 மீட்டர் வரை பத்து ஜிகாபிட் கொடுக்கும். சாதாரண வீட்டில் எந்தப் பாயின்ட்டும் அவ்வளவு தூரம் இருக்காது. கேட் 6 ஏ, கேட் 8 என்று விலை ஏறிக்கொண்டே போகும். அந்தப் பணத்தை இன்னும் இரண்டு பாயின்ட்டுக்குச் செலவிடலாம் என்பதே என் கட்சி.

கவனிக்க வேண்டியது எண்ணை அல்ல, உலோகத்தை. சந்தையில் 'சி.சி.ஏ.' என்ற வகை உண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலை கணிசமாகக் குறைவு. செம்பைவிட அலுமினியத்தின் மின்தடை சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல். கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில் போகும்போது கம்பி சூடாகும், கடைசியில் இருக்கும் கேமராவுக்கு வோல்டேஜ் போதாமல் ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரியும் நேரம் பார்த்து அணையும். பாயின்ட்டில் பொருத்தும்போது பட்டென்று உடையவும் செய்யும். கேட் 6 தரநிலை முழுச் செம்பைத்தான் ஏற்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். அலுமினியத்தின் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, எடை காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் சரி, வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'சுத்தமான காப்பர்' என்று பில்லில் எழுதித் தரச் சொன்னால் சில கடைகளில் பேச்சு மாறுவதைக் கவனிக்கலாம்.

இது யாருடைய வேலை?

சதுர அடி கணக்கில் பேசும் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அறைக்கு இத்தனை லைட் பாயின்ட், இத்தனை ஃபேன் பாயின்ட் என்று இருக்கும். ஹாலில் டிவி பாயின்ட் ஒன்று. பல தாள்களில் இன்னும் 'டெலிபோன் பாயின்ட்' ஒன்றும் இருக்கிறது, கடைசியாக லேண்ட்லைன் மணி அடித்தது எப்போது என்று யாருக்கும் நினைவில்லாவிட்டாலும். நெட் பாயின்ட் இருக்காது. இன்ஜினியர் அதை எலக்ட்ரீஷியன் பார்ப்பார் என்று விடுகிறார். எலக்ட்ரீஷியன், நெட் கம்பெனிக்காரர் பார்ப்பார் என்று விடுகிறார். நெட் கம்பெனிக்காரர் வருவதோ குடி போன பிறகு. சிசிடிவிக்காரர் அவர் பாட்டுக்குத் தனியாக வந்து தன் ஒயரைத் தனியாக இழுத்துவிட்டுப் போகிறார்.

விதிகளில் இது இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தகவல் தொடர்பு வசதிகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு அடிப்படையில் நட்சத்திர மதிப்பீடு வழங்கும் ஒழுங்குமுறையை டிராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. ஃபிளாட் வாங்குகிறவர்கள் அதைப் பற்றி பில்டரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ஃபைபர் வர பொதுவான டக்ட் இருக்கிறதா, எந்த நிறுவனமும் அதைப் பயன்படுத்தலாமா, உள்ளே பெட்ரூம்களுக்கு பைப் போகிறதா என்ற மூன்று கேள்வி போதும். ஆனால் சொந்த ஊரில் தனி வீடு கட்டும்போது நெட் பாயின்ட் எங்கே என்று எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை.

தனி வீடுகளில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதும் நமக்குத் தெரியும். பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார், ஊரில் அப்பா முன்னால் நின்று கட்டுவார். மீட்டிங்குக்கு நடுவே போன் வரும். "தம்பி, எலக்ட்ரீஷியன் வந்திருக்காரு. நெட்டுக்கு ஏதும் போடணுமான்னு கேக்குறாரு." "வேண்டாம்ப்பா, அது வைஃபைதான்." அரை நிமிடத்தில் முடிந்துவிடும் பேச்சு. பிறகு பண்டிகைக்கு ஊருக்குப் போய், மாடி ரூமில் உட்கார்ந்து ஆபீஸ் கால் பேசும்போது படம் உறைந்து நிற்கும். 'இங்கே வந்து நாலு நாள் இருந்து வேலை பாரேன்' என்று அம்மா கூப்பிட்டாலும், நெட் சரியில்லை என்பதே போகாததற்குக் காரணமாகிவிடும். அப்பா அம்மா மட்டும் தனியாக இருக்கும் வீட்டில் வாசல் கேமரா பாதி நேரம் 'ஆஃப்லைன்' என்று காட்டும்.

எனவே அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வரைபடத்தை ஒரு ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, மைய இடத்தைக் குறித்து, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கோடு போட்டு வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அனுப்புங்கள். இத்தனை நெட் பாயின்ட், ஒன்றுக்கு இவ்வளவு கூலி என்று ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதுங்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி கொடுக்காமல் 'அதையும் சேர்த்துப் போட்டுடுங்க' என்று கேட்டால், மின்கம்பி பைப்பிலேயே சேர்த்து இழுக்கத்தான் எந்தத் தொழிலாளிக்கும் தோன்றும். நெட் பைப்களில் நீல டேப் சுற்றச் சொன்னால் போட்டோவிலேயே எண்ணிப் பார்த்துவிடலாம். கேபிள் முனைகளைப் பொருத்துவதை நெட்வொர்க் வேலை தெரிந்தவரிடம் தனியாகக் கொடுங்கள். ஒன்பது பாயின்ட் என்பது அவருக்கு ஒரு நாள் வேலை. கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாயின்ட்டிலும் செருகி, இணைப்பு வேகம் 1,000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்று காட்டினால் அந்தப் பாயின்ட்டைத் திரும்பச் செய்யச் சொல்லலாம்.

ஏற்கெனவே பூசி முடித்துவிட்டால்?

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பழைய டெலிபோன் பாயின்ட்டுக்கும் டிவி பாயின்ட்டுக்கும் போட்ட பைப்கள் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். டிவி பைப் பெரும்பாலும் மொட்டை மாடி வரை போகும். உள்ளே இருக்கும் கேபிள் டிவி ஒயரின் முனையில் புதுக் கேபிளைக் கட்டி மறுபக்கம் இழுத்தால், பைப் அடைபடாமல் இருந்தால், கேட் 6 வந்துவிடும். ஹாலிலிருந்து மாடிக்கு ஒரு கேபிள் கிடைத்தாலே மாடி வைஃபை பிரச்சினை தீரும். அது முடியாத இடத்தில் ஸ்கர்ட்டிங் டைல்ஸை ஒட்டியோ கூரை மூலையிலோ வெள்ளை கேசிங் பட்டி ஒட்டி அதற்குள் கொண்டுபோகலாம். ஃபால்ஸ் சீலிங் போடப்போகிறவர்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. சீலிங் ஆட்கள் சட்டம் அடிக்க வருவதற்கு முன் பைப்பும் கேபிளும் மேலே போய்விட வேண்டும், பலகை மூடிய பிறகு அல்ல.